பள்ளி இருக்க வீடு எதற்கு? பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைக்கும் கிறிஸ்துவக் குடும்பங்கள்

வார நாள். காலை 10 மணி. வீவக புளோக்கின் மின்தூக்கியில் ஓர் அம்மாவும் ஒன்பது வயது மகனும். கையில் நூலகப் புத்தகங்கள் நிறைந்த பை.

"என்ன தம்பி, இன்னைக்கு ஸ்கூல் லீவா?"

"இல்ல ஆன்ட்டி, நான் வீட்டுலதான் படிக்கிறேன்."

"அதெல்லாம் இங்க அலவ்டா?"

வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்குப் பழகிப்போன கேள்வி இது. பதில்: அலவ்டுதான். ஆனால் சும்மா இல்லை. சிங்கப்பூரில் இந்தப் பாதையில் போகும் குடும்பங்கள் மிகக் குறைவு. அவற்றில் கிறிஸ்துவக் குடும்பங்களும் உண்டு. அவர்கள் ஏன் இப்படி முடிவெடுக்கிறார்கள்? அதற்கு என்ன விலை கொடுக்கிறார்கள்?

சட்டம் என்ன சொல்கிறது?

கட்டாயக் கல்விச் சட்டம் 2000ஆம் ஆண்டு நிறைவேறியது. 2003 ஜனவரி 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. 6 வயதைத் தாண்டிய, 15 வயதை எட்டாத, சிங்கப்பூரில் வசிக்கும் குடிமக்கள் தேசியத் தொடக்கப்பள்ளிக்குப் போக வேண்டும். அனுப்பாத பெற்றோருக்கு 5,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

சட்டத்தின் நோக்கம் இரண்டு. எல்லாப் பிள்ளைகளுக்கும் அடிப்படை அறிவு கிடைக்க வேண்டும். எல்லா இனப் பிள்ளைகளும் ஒன்றாகப் படித்து, ஒரே நாட்டு மக்கள் என்ற உணர்வோடு வளர வேண்டும்.

விதிவிலக்கும் உண்டு. மதரஸாக்களில் படிப்போரும் வீட்டில் படிப்போரும் அனுமதி பெற்று விலக்குப் பெறலாம். வீட்டுக்கல்விக்குப் பெற்றோர் கல்வி அமைச்சிடம் விண்ணப்பிக்க வேண்டும். யார் சொல்லித்தரப் போகிறார், அவர் என்ன படித்தவர், பாடத்திட்டம் என்ன, கால அட்டவணை என்ன என்றெல்லாம் காட்ட வேண்டும். அனுமதி கிடைத்த பிறகும் ஆண்டுதோறும் முன்னேற்ற அறிக்கை கொடுக்க வேண்டும். அதிகாரிகள் வீட்டுக்கும் வரலாம்.

சரி, கிறிஸ்துவக் குடும்பங்கள் ஏன்?

முதல் காரணம் பொறுப்பு. பிள்ளையை வளர்ப்பதும் கற்பிப்பதும் கடவுள் பெற்றோரிடம் ஒப்படைத்த வேலை என்று இவர்கள் நம்புகிறார்கள். பைபிளில் உபாகமம் 6ஆம் அதிகாரத்தைப் பலரும் காட்டுவார்கள். இறைக் கட்டளைகளைப் பிள்ளைகளுக்கு வீட்டிலும் வழியிலும் எந்நேரமும் கற்றுக்கொடுக்கச் சொல்லும் பகுதி அது. அதைப் படிக்கும் எல்லாக் கிறிஸ்துவர்களும் வீட்டுக்கல்விக்குப் போவதில்லை. பெரும்பாலோர் பிள்ளைகளைப் பள்ளிக்குத்தான் அனுப்புகிறார்கள். ஞாயிறு வகுப்பும் வீட்டு ஜெபமும் போதும் என்பது அவர்கள் எண்ணம். வீட்டுக்கல்விக் குடும்பங்களோ நம்பிக்கையைத் தனிப் பாடமாகப் பிரிக்க முடியாது என்கின்றன. அறிவியல் படிக்கும்போதும் வரலாறு படிக்கும்போதும் அது கூடவே வர வேண்டும் என்பது அவர்கள் வாதம்.

இரண்டாவது காரணம் நேரம். பள்ளி, இணைப்பாட நடவடிக்கை, டியூஷன் எல்லாம் முடிந்து பிள்ளை வீட்டுக்கு வரும்போது பெற்றோருக்குக் கிடைப்பது களைத்துப்போன கடைசி இரண்டு மணி நேரம். அந்த மிச்ச நேரத்தில் எதைச் சொல்லித்தருவது என்று கேட்கிறார்கள்.

மூன்றாவது, தேர்வு அழுத்தம். இதற்கும் மதத்துக்கும் சம்பந்தமில்லை. எந்தச் சமயத்தைச் சேர்ந்த பெற்றோரும் சொல்லக்கூடிய காரணம்தான்.

மிஷன் பள்ளிகள் இருக்கின்றனவே?

நல்ல கேள்வி. 1852இல் தொடங்கிய செயின்ட் ஜோசப்ஸ், 1854இல் தொடங்கிய சிஎச்ஐஜே, 1886இல் தொடங்கிய ஆங்கிலோ-சைனீஸ் பள்ளி என்று நம் நாட்டில் கிறிஸ்துவப் பள்ளிகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. ஆனால் அவை இன்று கல்வி அமைச்சின் பாடத்திட்டத்தைத்தான் நடத்துகின்றன. எல்லாச் சமயப் பிள்ளைகளும் அங்கே படிக்கிறார்கள். சிலுவையும் சிற்றாலயமும் இருக்கலாம். பாடப்புத்தகமும் தேர்வும் பக்கத்துப் பள்ளியில் உள்ளவைதான். முழு நாளையும் மாற்ற விரும்பும் குடும்பத்துக்கு அது போதவில்லை.

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவிலிருந்து. ஆனால் அங்கேயும் தொடங்கி வைத்தவர்கள் எல்லாரும் மதவாதிகள் இல்லை. 1977இல் இதற்கென ஓர் இதழைத் தொடங்கிய ஜான் ஹோல்ட், பள்ளிமுறையைக் குறைசொன்ன ஓர் ஆசிரியர். மத அடிப்படையில் அவர் பேசவில்லை. அதே காலத்தில் ரேமண்ட், டோரத்தி மூர் தம்பதி, சின்னப் பிள்ளைகளை அவசரப்பட்டுப் பள்ளியில் போடாதீர்கள் என்று எழுதினார்கள். அவர்கள் அட்வென்டிஸ்ட் கிறிஸ்துவர்கள். 1980களில் கிறிஸ்துவக் குடும்பங்கள் பெருமளவில் சேர்ந்தபோது இது ஓர் இயக்கமானது. 1993க்குள் 50 மாநிலங்களிலும் சட்டப்படி செல்லுபடியானது.

ஜெர்மனி நேர் எதிர். அங்கே மதக் காரணத்துக்காக வீட்டுக்கல்வி கேட்ட ஒரு கிறிஸ்துவத் தம்பதி ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார்கள். 2006இல் அவர்கள் மனு ஏற்கப்படவில்லை. சமூகத்துக்குள் தனித்தனிச் சமூகங்கள் உருவாகக் கூடாது என்பது ஜெர்மனியின் கவலை. சிங்கப்பூர் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: வீட்டில் சொல்லிக்கொடுங்கள், ஆனால் தேர்வை எங்களிடம் எழுதுங்கள்.

ஒரு நாள் எப்படி இருக்கும்?

வீட்டுக்கு வீடு மாறும். பல குடும்பங்கள் பின்பற்றுவது சார்லட் மேசன் முறை. 1842 முதல் 1923 வரை வாழ்ந்த ஆங்கிலேயக் கல்வியாளர் அவர். பாடங்கள் சின்னதாக இருக்கும். பாடப்புத்தகத்துக்குப் பதில் நல்ல கதை, வாழ்க்கை வரலாற்று நூல்கள். ஒரு பகுதியை ஒரே முறை வாசித்ததும், பிள்ளை தன் சொந்த வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். பிற்பகலில் வெளியே போய் இலை, பூச்சி, பறவைகளைப் பார்த்து நோட்டில் வரைவதும் பாடம்தான். அண்ணனும் தங்கையும் ஒரே வரலாற்றுப் பாடத்தைச் சேர்ந்தே படிக்கலாம்.

கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் பெற்றோரில் ஒருவர், பெரும்பாலும் அம்மா, வேலையை விட வேண்டும். ஒரு சம்பளம் போகிறது. அதோடு அவருடைய மத்திய சேம நிதிக்கு வரும் பணமும் நின்றுவிடுகிறது. எடுசேவ் நிதி மட்டும் 2014 முதல் வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கும் கிடைக்கிறது.

பி.எஸ்.எல்.இ: எல்லாரும் கடக்க வேண்டிய கதவு

வீட்டில் படிக்கும் பிள்ளையும் பி.எஸ்.எல்.இ. எழுத வேண்டும். தேசியக் கல்வி வினாடி வினாவிலும் பங்கேற்க வேண்டும். வெறும் தேர்ச்சி போதாது. அடித்தள நிலைப் பாடம் எடுக்காமல், நான்கு பாடங்களையும் வழக்கமான நிலையில் எழுதிய மாணவர்களை மதிப்பெண் வரிசையில் கீழிருந்து மேலாக 100 பேராக நிறுத்தினால், 33ஆவது இடத்தையாவது எட்ட வேண்டும். எட்டாவிட்டால் மறுபடியும் எழுத வேண்டிவரும்.

பள்ளியில் படிக்கும் பிள்ளை, அந்த 33க்குக் கீழே மதிப்பெண் வாங்கினாலும் உயர்நிலைப்பள்ளிக்குப் போக வழி இருக்கிறது. வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு அதே மதிப்பெண் போதாது. மெதுவாகக் கற்கும் பிள்ளைக்காகவே வீட்டுக்கல்வியைத் தேர்ந்தெடுத்த பெற்றோருக்கு இது பெரிய பாரம். அரசாங்கத்தின் பார்வையும் புரிகிறது: பள்ளிக்கு வெளியே வளரும் பிள்ளை பின்தங்கவில்லை என்பதை வேறு எப்படி உறுதிசெய்வது? முடிவெடுத்தது பெற்றோர். தேர்வுக்கூடத்தில் உட்காருவதோ 12 வயதுப் பிள்ளை.

அந்த நான்கு பாடங்களில் ஒன்று தாய்மொழி. அதாவது நம் பிள்ளைகளுக்குத் தமிழ். வாங்கும் பாடத்திட்டங்கள் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும். வீட்டிலும் ஆங்கிலம் என்றால் தமிழ் எங்கிருந்து வரும்? தமிழ் பைபிள் வாசித்துப் பழகிய பிள்ளைக்கு எழுத்துக்கூட்டி வாசிக்க வரும். ஆனால் பைபிள் தமிழ் வேறு, வாய்மொழித் தேர்வில் காணொளியைப் பார்த்துவிட்டு ஆசிரியரோடு பேச வேண்டிய தமிழ் வேறு. அதற்குத் தாத்தா பாட்டியோ தமிழ் டியூஷனோ தேவைப்படும்.

நண்பர்கள் இல்லாமல் வளருவார்களா?

தேவாலயம், விளையாட்டு, மற்ற வீட்டுக்கல்விக் குடும்பங்களுடன் சேரும் வகுப்புகள் என்று நண்பர்கள் கிடைப்பார்கள். கேள்வி எண்ணிக்கை பற்றியது அல்ல. எப்படிப்பட்ட நண்பர்கள் என்பதுதான். வகுப்பில் பக்கத்தில் உட்காரும் மலாய்ப் பையனையும் சீனப் பெண்ணையும் நாம் தேர்ந்தெடுப்பதில்லை. தானாக அமையும். வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு அந்தக் கலப்பைப் பெற்றோர்தான் திட்டமிட்டு ஏற்படுத்த வேண்டும். சில பெற்றோர் செய்வார்கள். செய்யாவிட்டால், பிள்ளை தன்னைப் போன்றவர்களை மட்டுமே பார்த்து வளரும்.

பி.எஸ்.எல்.இ.க்குப் பிறகு?

கட்டாயக் கல்வி தொடக்கப்பள்ளியோடு முடிகிறது. சிலர் உயர்நிலைப்பள்ளியில் சேர்கிறார்கள். சிலர் வீட்டிலேயே தொடர்ந்து தனித்தேர்வராகத் தேர்வு எழுதுகிறார்கள். அந்த வயதில் பிள்ளைக்கும் கருத்து இருக்கும். "எனக்கு ஸ்கூல் போகணும்" என்று 13 வயது மகள் சொன்னால், கற்பிப்பது எங்கள் பொறுப்பு என்று தொடங்கிய பெற்றோர் அதையும் உட்கார்ந்து கேட்க வேண்டியிருக்கும்.