புளோரன்சைப் பிளந்த இரு கட்சிகள்

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பது பழமொழி. இடைக்கால இத்தாலிய நகரங்களின் வரலாறு இதற்கோர் இலக்கணமாகும். போப்பாண்டவரை ஆதரித்தோர் குவெல்ஃபுகள் எனவும், செருமானியப் பேரரசரை ஆதரித்தோர் கிபெலின்கள் எனவும் பிரிந்து, தலைமுறை தலைமுறையாகத் தம்முள் பொருது மாய்ந்தனர்.

இப்பெயர்கள் இத்தாலிய மண்ணில் பிறந்தவையல்ல. செருமனியின் அரியணைக்குப் போட்டியிட்ட வெல்ஃபு குடியின் பெயரும், அதன் பகைவரான ஓகன்சுடாஃபன் குடிக்குரிய வைப்ளிங்கன் கோட்டையின் பெயருமே இத்தாலியர் நாவில் அவ்வாறு திரிந்தன.

பேரரசர் முதலாம் பிரெடரிக் 1162-இல் மிலான் நகரை அழித்தார். வெகுண்டெழுந்த வட இத்தாலிய நகரங்கள் 1167-இல் லொம்பார்டிக் கூட்டணி அமைத்து, போப்பாண்டவர் மூன்றாம் அலெக்சாண்டரின் ஆதரவுடன் 1176-இல் லெஞ்ஞானோ களத்தில் அவரை முறியடித்தன. 1183-ஆம் ஆண்டின் கான்சுடன்சு உடன்படிக்கை அவற்றுக்குத் தன்னாட்சி உரிமையை நல்கியது.

ஒற்றுமையால் பெற்ற அவ்வுரிமை பகைமையால் சீரழிந்தது. புளோரன்சு குவெல்ஃபு பக்கம் சாய்ந்தது. அதன் போட்டி நகரான சியன்னா கிபெலின் பக்கம் நின்றது. எல்லைத் தகராறும் வணிகப் போட்டியும் குடும்பப் பழியும் கட்சியின் பெயரைப் போர்த்துக் கொண்டன. மணம் பேசிய பெண்ணைக் கைவிட்ட புவொன்டெல்மொன்டே என்னும் இளைஞன் 1216-இல் ஆர்னோ ஆற்றுப் பாலத்தருகே கொல்லப்பட்டதே புளோரன்சின் பிளவுக்கு வித்து எனப் பழைய வரலாற்றாசிரியர் எழுதிவைத்தனர்.

1260 செப்டம்பர் 4-ஆம் நாள் மொன்டாபெர்டியில் சியன்னாவும் மன்னன் மான்பிரெடின் குதிரைப் படையும் புளோரன்சைத் தோற்கடித்தன. வென்றோருள் புளோரன்சிலிருந்து துரத்தப்பட்ட கிபெலின் தலைவர் ஃபாரினாட்டாவும் ஒருவர். எம்பொலியில் கூடிய வெற்றியாளர், புளோரன்சைத் தரைமட்டமாக்கலாம் என்றனர். அப்பொழுது அதனை எதிர்த்து நின்றவர் ஃபாரினாட்டாவே. தம்மைத் துரத்திய ஊராயினும் அது தம் ஊரன்றோ! புளோரன்சு பிழைத்தது.

பிழைத்த ஊர் அவருக்குச் செய்த கைம்மாறு யாது? போப்பாண்டவரின் அழைப்பினால் பிரான்சிலிருந்து வந்த அஞ்சு நாட்டுச் சார்லசு 1266-இல் பெனவென்டோவில் மான்பிரெடை வீழ்த்தவே, குவெல்ஃபுகள் மீண்டனர். ஃபாரினாட்டாவின் குடும்பத்தார் வீடுகள் இடிக்கப்பட்டன. 1264-இல் மறைந்த அவரைச் சமய விரோதியென 1283-இல் தீர்ப்பளித்தனர்.

எதிரி ஒழிந்தபின் குவெல்ஃபுகளேனும் ஒன்றுபட்டனரா? வெள்ளையர், கறுப்பர் எனத் தமக்குள்ளேயே பிரிந்தனர். 1289-இல் கம்பால்டினோ களத்தில் குவெல்ஃபுகளுக்காகப் போரிட்ட கவிஞர் தாந்தேயை, 1302-இல் குவெல்ஃபுகளே நாடு கடத்தினர். திரும்பினால் தீயிலிடுவோம் என்றனர். தாந்தே 1321-இல் இராவென்னாவில் மறைந்தார். தம் காவியத்தின் நரகப் பகுதியில் அவர் ஃபாரினாட்டாவைச் சந்திக்கிறார். எதிர்க்கட்சித் தலைவராயினும் நிமிர்ந்து நிற்பவராகவே அவரைக் காட்டுகிறார்.

தாந்தேயின் மீதான தண்டனையைப் புளோரன்சு நகர மன்றம் 2008-இல் நீக்கியது. எழுநூறு ஆண்டுகள் கடந்து வந்த அம்மன்னிப்பு அவருக்குப் பயன்படவில்லை. கட்சி பெரிதென எண்ணியோர் ஊரைக் குலைத்தனர். ஊர் பெரிதென எண்ணிய ஒருவரோ பகைவரிடையே நின்றும் அதனைக் காத்தார்.