கிளையே வேரானது

தாய்நாட்டை விட்டு நெடுந்தொலைவு சென்று குடியேறும் மக்கள் முதலில் தேடுவது வேலை. அடுத்துத் தேடுவது தம் மொழி பேசும் மனிதரை. இவ்விரண்டும் கிடைத்த பின்னர் அவர்கள் உள்ளத்தில் ஓர் அச்சம் எழுகிறது. 'நான் நோயுற்றுப் படுத்தால் என்னை எவர் வந்து பார்ப்பார்? நான் மாண்டு போனால் என்னை எவர் அடக்கம் செய்வார்? என் மனைவி மக்களுக்கு எவர் கைகொடுப்பார்?' என்பதே அவ்வச்சம். இதற்கு விடை காண முயன்றதன் பயனாகத் தோன்றியவையே உலகெங்கும் உள்ள குடியேறியோர் உதவிச் சங்கங்கள். அவற்றுள் ஒன்றாகிய அமெரிக்க ஹங்கேரியர் சங்கத்தின் வரலாற்றையும், சிறப்பாக அதன் கிளைகள் நடைபெற்ற முறையையும் இக்கட்டுரையில் காண்போம்.

கரிச் சுரங்கத்தில் பிறந்த சங்கம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஹங்கேரி நாட்டிலிருந்து பல இலட்சம் மக்கள் அமெரிக்காவிற்குச் சென்றனர். அவர்களுள் பெரும்பாலோர் நிலமற்ற அல்லது சிறு நிலமுடைய உழவர்கள். சில ஆண்டுகள் உழைத்துப் பொருள் சேர்த்து, ஊருக்குத் திரும்பி நிலம் வாங்க வேண்டும் என்பதே அவர்களுடைய எண்ணம். ஏர் பிடித்த கைகள் அங்கே கரி வெட்டின, இரும்பு உருக்கின. மணமாகாத இளைஞரும் மனைவியை ஊரில் விட்டு வந்தவரும் 'புர்தோஷ்' எனப்படுவோராய்க் குடியிருப்பு விடுதிகளில் நெருக்கமாகத் தங்கினர். பகல் வேலைக்குச் சென்றவன் எழுந்த படுக்கையில் இரவு வேலை முடித்து வந்தவன் படுப்பதும் உண்டு.

சுரங்க வேலையோ நாள்தோறும் உயிரைப் பணயம் வைக்கும் வேலை. 1907-ஆம் ஆண்டு டிசம்பர் 19-ஆம் நாள் பென்சில்வேனியா மாநிலத்து டார் சுரங்கத்தில் ஏற்பட்ட வெடிவிபத்தில் 239 பேர் மாண்டனர். அவர்களுள் பலர் ஹங்கேரியர். அம்மாநிலத்தில் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் இயற்றப்பட்டது 1915-இல்தான். அதற்கு முன் விபத்தில் இறந்தவன் குடும்பம் வழக்கு மன்றத்திற்குச் சென்றால், 'ஆபத்து என்று அறிந்தே வேலைக்கு வந்தான்' என்றும், 'உடன் வேலை செய்தவன் பிழைக்கு முதலாளி பொறுப்பல்லன்' என்றும் கூறி வழக்கைத் தள்ளிவிடுதல் எளிதாக இருந்தது. ஆங்கிலம் அறியாத விதவை என் செய்வாள்?

இத்தகைய சூழ்நிலையில் 1886-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 21-ஆம் நாள், பென்சில்வேனியாவின் கரி வயலில் உள்ள ஹேசில்டன் என்னும் ஊரில் 13 ஹங்கேரியச் சுரங்கத் தொழிலாளர் கூடி ஓர் உதவிச் சங்கத்தைத் தொடங்கினர். ஹங்கேரியில் அந்நாளில் பெயர் பெற்றிருந்த அரசியல்வாதியும் பத்திரிகையாளருமான ஜியூலா வெர்ஹோவாய் என்பவரின் பெயரை அதற்குச் சூட்டினர். வெர்ஹோவாய் உதவிச் சங்கம் இவ்வாறு பிறந்தது. இரண்டாண்டுகள் கழித்து, 1888-இல், கனெக்டிகட் மாநிலத்தின் பிரிட்ஜ்போர்ட் நகரில், ஹங்கேரிய விடுதலைப் போரை நடத்திய இளவரசர் ராகோட்சியின் பெயரால் மற்றொரு சங்கம் தோன்றியது.

கிளையின் அமைப்பு

ஓரூரில் தோன்றிய சங்கம் வேற்றூர்களுக்குப் பரவும்போது கிளைகள் தோன்றுவது இயல்பு. ஹங்கேரிய மொழியில் கிளையை 'ஃபியோக்' என்பர். அச்சொல்லுக்கு மேசையின் இழுப்பறை என்றும் பொருள் உண்டு. ஒவ்வோர் ஊர்க் கிளையும் தனக்கென ஒரு கணக்குப் புத்தகமும் ஒரு பணப்பெட்டியும் உடையதாய் இருந்ததை நோக்கும்போது, இப்பொருளும் பொருத்தமாகவே தோன்றுகிறது.

கிளைக்குத் தலைவர், காரியதரிசி, பொருளாளர், தணிக்கையாளர், நோயாளரைப் பார்வையிடுவோர் ஆகியோர் இருந்தனர். கூட்டம் மாதந்தோறும் நடைபெறும். புதிதாகச் சேர விரும்புபவரை அங்கத்தினர் ஒருவர் முன்மொழிய வேண்டும்; மருத்துவர் சான்று வேண்டும்; பின்னர் கூட்டத்தின் ஒப்புதல் வேண்டும். பல உதவிச் சங்கங்களில் வெள்ளைக் குண்டும் கறுப்புக் குண்டும் இட்டு இரகசியமாக வாக்களிக்கும் வழக்கம் இருந்தது. எழுத்தறிவு குறைந்தவனும் அஞ்சாமல் தன் கருத்தைத் தெரிவிக்க இம்முறை உதவியது.

காரியதரிசியின் பணியே மிகக் கடினமானது. சம்பள நாளன்று சந்தாவை வாங்குதல், அங்கத்தினரின் புத்தகத்தில் வரவு பதிதல், தலைமை அலுவலகத்திற்கு உரிய தேதியில் பணம் அனுப்புதல், சந்தா தவறியவர்களுக்கு அறிவிப்புக் கொடுத்தல் ஆகியவை அவர் கடமைகள். ஒரு மாதச் சந்தா தவறிய நிலையில் ஒருவன் சுரங்கத்தில் இறந்தால், அவன் குடும்பத்திற்குரிய தொகை கிடைக்குமா என்பது அந்த ஒரு வரி வரவைப் பொறுத்தது. கணக்குப் புத்தகத்தோடு பழகியவர்களுக்கு இதன் பொருள் நன்கு விளங்கும். பகல் முழுதும் கரி வெட்டிவிட்டு, இரவில் விளக்கொளியில் அமர்ந்து கணக்கு எழுதியவன் கையில் பல விதவைகளின் வாழ்வு இருந்தது.

காரியதரிசிக்கு அடுத்து இன்றியமையாதவர் நோயாளரைப் பார்வையிடுவோர். இத்தகைய சங்கங்களின் விதிகளில் பொதுவாகக் காணப்படுவது இது: நோயுற்ற அங்கத்தினர் குறித்த நாட்களுக்குள் கிளைக்குத் தெரிவிக்க வேண்டும், பார்வையிடுவோர் வீட்டுக்குச் சென்று காண வேண்டும், உண்மையிலேயே வேலை செய்ய இயலாத நிலையில் இருக்கிறாரா என்று கூட்டத்தில் அறிக்கை கூற வேண்டும். அதன் பின்னரே வாரப்படி வழங்கப்படும். குடித்துச் சண்டையிட்டுக் காயமுற்றவனுக்குப் படி இல்லை. படி பெறுங்காலத்தில் மதுக்கடையில் காணப்பட்டவன் கூட்டத்தில் விடை சொல்லியாக வேண்டும். இஃது ஒற்றுவேலை எனத் தோன்றலாம். ஆயினும் அந்தப் பார்வையாளரே நோயாளிக்கு ரொட்டியும் சூப்பும் கொண்டு செல்பவர். ஊருக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பவர். இறந்தால் சவப்பெட்டியின் பின்னே கொடி ஏந்தி நடப்பவர். ஐயமும் அன்பும் ஒரே மனிதரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தன.

கிளையா, தலைமையா?

இனி இவ்வரலாற்றின் நடுவான வினாவுக்கு வருவோம். பணம் யாரிடம் இருக்க வேண்டும்? அதிகாரம் யாரிடம் இருக்க வேண்டும்?

கிளையே தன் பணத்தை வைத்துக் கொண்டால் என்ன என்று பலர் கேட்டனர். எண்பது பேர் உள்ள ஒரு கிளையை எண்ணிப் பாருங்கள். அவ்வெண்பதின்மரும் ஒரே சுரங்கத்தில் வேலை செய்பவர். ஒரு நாள் அச்சுரங்கம் வெடித்து இருபது பேர் மாண்டால், எஞ்சிய அறுபது பேர் இருபது குடும்பங்களுக்கு எவ்வாறு பணம் தருவர்? சிறு துளி பெருவெள்ளம் என்பது உண்மை. ஆனால் துளிகள் பல ஊர்களிலிருந்தும் வந்து சேர வேண்டும். ஆகவே மரண நிதி எல்லாக் கிளைகளுக்கும் பொதுவாகத் தலைமையிடம் இருப்பதே பாதுகாப்பு.

அப்படியாயின் எல்லா அதிகாரத்தையும் தலைமைக்கே அளித்துவிடலாமே எனலாம். அதிலும் ஓர் இடையூறு உண்டு. முந்நூறு மைல் தொலைவில் மேசை முன் அமர்ந்திருப்பவருக்கு, ஒருவன் உண்மையில் நோயுற்றானா, நடிக்கிறானா என்பது தெரியாது. அதை அறிபவன் அடுத்த அறையில் வசிப்பவன். ஆகவே பணம் பொதுவில் இருக்க வேண்டும். சான்று கிளையிலிருந்து வர வேண்டும். இந்தப் பிரிவினையைப் படித்த பேராசிரியர் எவரும் வகுத்துக் கொடுக்கவில்லை. தொழிலாளர் தம் அனுபவத்தாலும் இழப்பாலும் கண்டுகொண்டனர்.

இம்முறைக்கு அமெரிக்காவில் முன்னோடி ஒருவர் உண்டு. 1868-இல் பென்சில்வேனியாவின் மீட்வில் நகரில் ரயில்வே பட்டறையில் பணியாற்றிய இயந்திரத் தொழிலாளி ஜான் ஜோர்டன் அப்சர்ச் என்பவர் ஓர் உதவிச் சங்கத்தைத் தொடங்கினார். அங்கத்தினர் ஒருவர் இறந்தால் எஞ்சியோர் ஒவ்வொருவரும் ஒரு டாலர் தர வேண்டும் என்பது அதன் திட்டம். கேட்பதற்கு எளிது, தொடக்கத்தில் நன்றாகவே நடந்தது. ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல அங்கத்தினருக்கு வயது ஏறியது, மரணங்கள் பெருகின, ஆண்டில் சிலமுறை கேட்ட டாலரைப் பலமுறை கேட்க வேண்டி வந்தது. இளைஞர் விலகினர், முதியவர் மட்டும் எஞ்சினர். இம்முறையைப் பின்பற்றிய சங்கங்கள் பல இவ்வாறே நொடித்தன.

இதனைத் தடுக்க 1886-இல் இத்தகைய சங்கங்கள் ஒன்று கூடி ஒரு தேசிய மாநாட்டை ஏற்படுத்தின; 1898-இல் அம்மாநாட்டின் பெயரால் ஆயுள் கணக்கு அட்டவணை ஒன்று வகுக்கப்பட்டது. 1910, 1912 ஆகிய ஆண்டுகளில் உருவான மாதிரிச் சட்டங்கள், வயதுக்கேற்ற சந்தாவையும் போதிய சேமநிதியையும் வற்புறுத்தின. வயது முதிர்ந்த அங்கத்தினர் சினந்தனர். 'இருபது ஆண்டு கொடுத்த எனக்கு இப்போது சந்தா உயர்வா?' என்றனர். அவர்கள் வினவியது நியாயமே. ஆனால் கூட்டல் கணக்குக்கு இரக்கம் கிடையாது. அந்தக் கசப்பான செய்தியைக் கூட்டத்தில் எழுந்து நின்று அயலாரிடம் கூற வேண்டியவரும் கிளைக் காரியதரிசியே.

சட்டம் காத்த வாக்குரிமை

இவ்வாறு பணம் தலைமையிடம் குவிந்தபோதிலும், அதிகாரம் முழுவதும் அங்கே சென்றுவிடாமல் சட்டமே காத்தது. கூட்டுறவு இன்ஷூரன்ஸ் சங்கம் என்னும் பெயரைப் பெற வேண்டுமாயின் அதற்குக் கிளைகள் இருக்க வேண்டும். அக்கிளைகள் மாதம் ஒருமுறையேனும் கூட வேண்டும். பிரதிநிதிகளால் ஆளப்பட வேண்டும் என்று மாநிலச் சட்டங்கள் விதித்தன. மகாசபை நான்காண்டுக்கு ஒருமுறையேனும் கூட வேண்டும். அதில் அங்கத்தினரால் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகளுக்கே மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாத வாக்குகள் இருக்க வேண்டும். ஒருவருக்காக மற்றொருவர் வாக்களித்தல் கூடாது. இந்த இறுதி விதி நுட்பமானது. கம்பெனியில் பங்குதாரர் தம் வாக்கைக் காகிதத்தில் எழுதி நிர்வாகியிடம் கொடுத்துவிடலாம். இங்கே மனிதன் நேரில் வந்தாக வேண்டும். வரிவிலக்கு அளிக்கும் அமெரிக்க மத்தியச் சட்டத்தின் விதிகளும், தலைமைச் சங்கத்தால் அங்கீகரிக்கப்பட்டுப் பெரும்பாலும் தம்மைத் தாமே ஆண்டுகொள்ளும் கிளைகள் இருத்தல் வேண்டும் என்கின்றன.

இதன் மறுபுறத்தையும் கூற வேண்டும். இத்தகைய சங்கத்தில் அங்கத்தினரே இன்ஷூர் செய்பவர், அவரே செய்யப்படுபவர். ஆகவே மகாசபை மாற்றும் விதி அவரையும் கட்டுப்படுத்தும். ஒரு மாநிலத்தில் பதிவு பெற்ற சங்கத்தின் விதி, வேறு மாநிலத்திலுள்ள அங்கத்தினரையும் கட்டுப்படுத்தும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1947-இல் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. மகாசபைக்குப் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும் நாளில் கூட்டத்திற்கு வராமல் வீட்டில் இருந்தவன், பின்னர் விதி சரியில்லை என்று குறை கூறிப் பயனில்லை.

மொழி மாறியது

காலம் மாறிற்று. 1924-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் ஹங்கேரிக்கு ஆண்டொன்றுக்கு 473 பேர் என்று வரையறுத்தது. புது இரத்தம் வருவது ஏறக்குறைய நின்றது. 1935-இல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. முதுமைக்கு அரசே கைகொடுக்கத் தொடங்கியது. அமெரிக்காவில் பிறந்த மக்கள் ஆங்கிலம் பேசினர். தந்தை ஹங்கேரிய மொழியில் நிகழ்ச்சிக் குறிப்பு எழுதிய புத்தகத்தை மகனால் படிக்க இயலவில்லை.

1955-இல் வெர்ஹோவாய்ச் சங்கமும் ராகோட்சிச் சங்கமும் ஒன்றாயின. இணைந்த சங்கத்திற்கு இரண்டு ஹங்கேரியப் பெயர்களில் எதையும் வைக்கவில்லை. பென்சில்வேனியாவை நிறுவிய வில்லியம் பென்னின் பெயரை வைத்தனர். சுரங்கத் தொழிலாளர் பதின்மூவர் தொடங்கிய சங்கம், அவர்கள் பிழைக்க வந்த மண்ணின் பெயரைத் தாங்கியது. மூத்தோர் சிலருக்கு இது மனவருத்தம் அளித்திருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆயினும், பெயரைக் காத்து அங்கத்தினரை இழப்பதா, பெயரை விட்டு அங்கத்தினரைக் காப்பதா என்னும் வினா ஒரு நாள் எல்லாக் குடியேறியோர் சங்கங்களின் வாயிற்படியிலும் வந்து நிற்கிறது. 1956-இல் ஹங்கேரியப் புரட்சி ஒடுக்கப்பட்டபின் ஏறக்குறைய 38,000 அகதிகள் அமெரிக்காவை அடைந்தபோது, முன்னர் வந்தோர் அமைத்திருந்த சங்கங்களும் ஆலயங்களும் அங்கே நிலைத்திருந்தன.

நாம் அறிவது

தாய்மொழியின் பெயரால் வேற்று மாநிலத்தில் கூடியிருக்கும் நமக்கு இவ்வரலாறு புதியதன்று. கலை நிகழ்ச்சியும் ஆண்டு விழாவும் சங்கத்தின் மலர்கள், அவை வேண்டும். ஆனால் சங்கம் நிற்பது சந்தாப் புத்தகத்தின் மீதும், படுத்திருப்பவனைத் தேடிச் செல்லும் கால்களின் மீதுமே. தலைமை எவ்வளவு பெரிதாயினும் அது கிளைகள் அனுப்பிய செய்தியால்தான் பார்க்கிறது. கிளைகள் அனுப்பிய பணத்தால்தான் கொடுக்கிறது. மரத்தில் வேரிலிருந்து கிளை தோன்றும். ஹேசில்டனில் தொடங்கிய இச்சங்கத்திலோ கிளையே வேராகி மரத்தைத் தாங்கியது. பொதுக்குழுக் கூட்டத்திற்குத் தவறாமல் வந்து, வரவு செலவைக் கேட்டு, தன் ஒரு வாக்கை நேரில் அளித்த பெயர் அறியாத தொழிலாளர்களே அவ்வேரின் நுனிகள். அவர்களை நினைவுகூர்ந்து வாழ்த்துவோமாக.