லினக்ஸ் வழங்கல் மாற்றம்: மூன்று இடப்பெயர்வுகளின் வரலாறு

ஆய்வு மாணவர் பலரும் கேட்கும் வினா ஒன்றுண்டு: "எந்த லினக்ஸ் வழங்கலுக்கு மாறலாம்?" விடையாக வேகம், தோற்றம், நிறுவும் எளிமை ஆகியவை பட்டியலிடப்படும். வரலாற்றை நோக்கினால் வினாவே வேறாகிறது. நிறுவனங்கள் வழங்கல் மாறிய வேளைகளில் முதன்மையாக நின்றவை இரண்டு: அதனைப் பராமரிப்பவர் யார்? எத்தனை ஆண்டுகளுக்குப் பராமரிப்பார்?

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்டது கெர்னல் மட்டுமே. 1993இல் தோன்றிய ஸ்லாக்வேர், டெபியன் போன்ற வழங்கல்களே அதனைப் பயன்படுத்தத்தக்க இயங்குதளமாக்கின. ஆயிரக்கணக்கான நிரல்களைத் தேர்ந்து, ஒன்றோடொன்று பொருந்தச் செய்து, பாதுகாப்புத் திருத்தங்களை இடையறாது அளிக்கும் உழைப்புக்கே வழங்கல் என்று பெயர். நிரல் இலவசமாகக் கிடைக்கலாம். அவ்வுழைப்புக்கு யாரோ ஒருவர் விலை கொடுத்தாக வேண்டும்.

முதல் இடப்பெயர்வு இயற்பியலாளருடையது. ரெட் ஹாட் நிறுவனம் 2003இல் தன் இலவச வழங்கலை நிறுத்தத் தீர்மானித்து, கட்டணம் செலுத்துவோர்க்கான நிறுவனப் பதிப்பை முன்னிறுத்தியது. ஆயினும் அதன் மூலநிரல் பொதுவில் கிடைத்தது. அமெரிக்காவின் ஃபெர்மிலாபும் ஐரோப்பாவின் செர்னும் அம்மூலநிரலை மீளத் தொகுத்து, 2004இல் சயின்டிஃபிக் லினக்ஸை வெளியிட்டன. அதே காலத்தில் தன்னார்வலர் உருவாக்கிய சென்ட் ஓஎஸ் 2014இல் ரெட் ஹாட்டின் அரவணைப்புக்குள் வந்தது. செர்ன் தன் ஏழாம் பதிப்பிற்குச் சென்ட் ஓஎஸ் பக்கம் நகர்ந்தது. ஃபெர்மிலாபும் சயின்டிஃபிக் லினக்ஸுக்கு எட்டாம் பதிப்பு வராது என 2019இல் அறிவித்தது.

அடுத்த ஆண்டே நிலம் நழுவியது. 2029 வரை ஆதரவு கிடைக்கும் என எதிர்பார்க்கப்பட்ட சென்ட் ஓஎஸ் 8, 2021 இறுதியோடு முடியும் என 2020 டிசம்பரில் ரெட் ஹாட் அறிவித்தது. மாற்றாக 2021இல் ஆல்மா லினக்ஸ், ராக்கி லினக்ஸ் என இரண்டு வழங்கல்கள் பிறந்தன. 2022 டிசம்பரில் செர்னும் ஃபெர்மிலாபும் ஆல்மா லினக்ஸைப் பரிந்துரைத்தன. இது தொலைதூரச் செய்தியன்று. மும்பை கொலாபாவிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், செர்னின் சிஎம்எஸ் சோதனைக்கான உலகக் கணிப்பு வலையமைப்பில் இரண்டாம் அடுக்கு மையம். ஆண்டாப் ஹில்லிலிருந்து குரு தேக் பகதூர் நகர் நிலையத்தில் துறைமுகத் தட ரயில் ஏறி, சத்ரபதி சிவாஜி நிலையத்தில் இறங்கிப் பேருந்து பிடித்தால் சென்றடையும் வளாகம் அது. ஒரு வணிக நிறுவனத்தின் முடிவு அத்தகைய மையங்கள்வரை எதிரொலிக்கும் என்பதே இதன் பாடம்.

இரண்டாம் இடப்பெயர்வு தமிழ்நாட்டினுடையது. 2007 வாக்கில், சி. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது, எல்காட் நிறுவனம் சூசே லினக்ஸுக்கு மாறியது. 2008இல் அவர் அப்பொறுப்பிலிருந்து மாற்றப்பட்டார். இதற்கிடையே சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு பாஸ் வழங்கலை 2007இல் வெளியிட்டிருந்தது. 2014 ஏப்ரல் 8 அன்று விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்ட வேளையில், அரசுத் துறைகள் பாஸ் லினக்ஸுக்கு மாறுமாறு தமிழக அரசு அறிவுறுத்தியது. முதல் முயற்சி ஓர் அதிகாரியின் ஊக்கத்தைச் சார்ந்திருந்தது. இரண்டாவது ஓர் அயல்நாட்டு நிறுவனத்தின் நாட்காட்டியால் தூண்டப்பட்டது. இரண்டுமே நிலையான அடித்தளங்கள் அல்ல.

மூன்றாவது கேரளப் பள்ளிகளுடையது. 2001இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம் டெபியன் சார்ந்த வழங்கலைப் பயன்படுத்தியது; பின்னர் உபுண்டு சார்ந்த பதிப்புகளுக்கு மாறியது. அங்கே பாடநூல்கள் ஜிம்ப், இங்க்ஸ்கேப், ஜியோஜீப்ரா போன்ற செயலிகளைச் சுற்றி அமைந்தன. அவை எவ்வழங்கலிலும் இயங்குபவை. அடித்தளம் மாறினும் ஆசிரியர் கற்றது வீணாகவில்லை. மூன்றனுள் இதுவே நீடித்த வெற்றி எனக் கருதுகிறேன்.

இவ்வொப்பீட்டிலிருந்து தமிழ் ஆய்வாளர்க்கு ஒரு கசப்பான உண்மை புலப்படும். நம்மைப் பழைய கணினியோடு பிணைத்திருப்பது பெரும்பாலும் இயங்குதளமன்று, எழுத்துக் குறியாக்கமே. ஒருங்குறியில் தமிழ் 1991இலேயே இடம்பெற்றது. ஆனால் தமிழக அரசு ஒருங்குறியைத் தன் தரமாக ஏற்க 2010 ஆயிற்று. இடைப்பட்ட காலத்தில் வானவில், பாமினி போன்ற எழுத்துருக் குறியாக்கங்களில் தட்டச்சிட்டவை ஏராளம். அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அக்கோப்பு பொருளற்ற இலத்தீன் எழுத்துகளாகவே தோன்றும். தாராவி, மாட்டுங்கா, ஆண்டாப் ஹில், செம்பூர்ப் பகுதித் தமிழரின் விழா மலர்களையும் மன்ற அறிக்கைகளையும் தொகுக்க முனைவோர்க்கு இது கோட்பாட்டுச் சிக்கலன்று. காகிதப் படி அழிந்து கோப்பு மட்டும் எஞ்சியிருக்குமாயின், அதனைப் படிக்க இயலாமை ஒரு சமூகத்தின் ஆவணத்தை இழப்பதற்கு ஒப்பாகும்.

ஆதலின் மாற விரும்புவோர் முதலில் ஆதரவு முடியும் நாளைப் பாருங்கள். அடுத்து அவ்வழங்கலின் பின்னுள்ளவர் தனியொரு நிறுவனமா, பரந்த சமூகமா என ஆராயுங்கள். மாறுவதற்கு முன் தமிழ்க் கோப்புகள் அனைத்தையும் ஒருங்குறிக்கு மாற்றி, மூலக் கோப்பையும் எழுத்துருவையும் உடன் சேமியுங்கள். கணக்கீட்டு ஆய்வெனில் வழங்கலின் பெயர், பதிப்பு எண், நிரல்களின் பதிப்புகள் ஆகியவற்றை ஆய்வேட்டின் பின்னிணைப்பில் பதியுங்கள். பத்தாண்டு கழித்து உங்கள் முடிவைச் சரிபார்க்க வருபவர்க்கு அப்பக்கமே வழிகாட்டும்.

ரெட் ஹாட் 2004இல் வெளியிட்ட லோகித் எழுத்துருக்கள் திறந்த உரிமத்தில் பல வழங்கல்களுக்கும் பரவின. வழங்கலுக்குள் அடைபட்டது அதனோடு மறையலாம். பொதுவில் வைக்கப்பட்டது அடுத்த வழங்கலிலும் தொடர்ந்து வாழும்.