மிஸ் ஆண்ட்ரூஸ் படித்த ஏழு நாவல்கள்

இங்கிலாந்தின் பாத் நகரத்தில் வெந்நீர் ஊற்று ஒன்று உண்டு. அந்தத் தண்ணீரைக் குடித்தால் உடம்புக்கு நல்லது என்று பதினெட்டாம் நூற்றாண்டில் வசதியுள்ளவர்கள் குடும்பத்தோடு வந்து வாரக்கணக்கில் தங்குவார்கள். தண்ணீர் ஊற்றிக் கொடுக்கும் கூடத்துக்கு பம்ப் ரூம் என்று பெயர். வந்தவர்களில் பலருக்கு நோய் ஒன்றும் கிடையாது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள், பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள்.

ஜேன் ஆஸ்டினின் 'நார்தாங்கர் அபி' நாவலில், இந்தக் கூடத்தில் உட்கார்ந்து இரண்டு பெண்கள் பேசிக்கொள்கிறார்கள். பழக்கமாகி எட்டு ஒன்பது நாள்தான் ஆகிறது. பதினேழு வயது கேத்தரின், ஆன் ராட்கிளிஃப் எழுதிய 'உடால்ஃபோவின் மர்மங்கள்' நாவலில் கறுப்புத் திரை வரும் இடம்வரை வந்துவிட்டாள். திரைக்குப் பின்னால் எலும்புக்கூடுதான் இருக்கும் என்பது அவள் கணிப்பு. ஆனாலும் யாரும் சொல்லிவிடக்கூடாது. அவளைவிட நாலு வயது மூத்த இசபெல்லா, அதை முடித்ததும் அடுத்து என்ன படிப்பது என்று ஒரு பட்டியலே வைத்திருக்கிறாள். கைக்குறிப்பேட்டைப் பிரித்து ஏழு தலைப்புகளை வாசிக்கிறாள். கேத்தரினுக்கு ஒரே ஒரு சந்தேகம்: எல்லாமே பயங்கரமாக இருக்குமா, நிச்சயமாகத் தெரியுமா? இருக்கும் என்கிறாள் இசபெல்லா. அவளுடைய தோழி மிஸ் ஆண்ட்ரூஸ் ஏழையுமே படித்தாயிற்று.

இந்த மிஸ் ஆண்ட்ரூஸ் கதையில் ஒரு தடவைகூட நேரில் வருவதில்லை. நாவலைக் கடந்துபோகிறவர்கள் அவளைக் கவனிக்கவும் மாட்டார்கள். ஆனால் அவள் பட்டியல் கவனிக்கப்பட்டது, கொஞ்சம் தாமதமாக. ஏறத்தாழ நூறு வருடம், இந்தத் தலைப்புகள் ஆஸ்டின் கிண்டலுக்காகக் கற்பனை செய்தவை என்றே பலரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 'வுல்ஃபன்பாக் கோட்டை', 'கிளெர்மான்ட்', 'மர்ம எச்சரிக்கை', 'கருங்காட்டு மந்திரவாதி', 'நள்ளிரவு மணி', 'ரைன் நதியின் அனாதை', 'கொடூர மர்மங்கள்'. பெயரைக் கேட்டால் கப்சா மாதிரித்தான் இருக்கிறது, இல்லையா? ஏழும் நிஜமான புத்தகங்கள். 1793க்கும் 1798க்கும் இடையில் லண்டனில் அச்சானவை. மொத்தம் இருபத்துமூன்று தொகுதிகள்.

இந்த மாதிரிப் பட்டியல் ஒரு பெண்ணின் கைக்குறிப்பேட்டுக்கு வந்து சேர இரண்டு விஷயங்கள் தேவைப்பட்டன. ஒன்று, அப்படி ஒரு கதை வகை. இன்னொன்று, அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வழி.

கதை வகையைத் தொடங்கிவைத்தவர் ஹோரஸ் வால்போல், பிரதமராக இருந்தவரின் மகன். 1764 டிசம்பரில் 'ஒட்ரான்டோ கோட்டை' வந்தபோது அதில் அவர் பெயர் இல்லை. 1529இல் நேப்பிள்ஸில் அச்சான ஓர் இத்தாலியப் புத்தகத்தின் மொழிபெயர்ப்பு என்று முன்னுரை சொன்னது. புத்தகம் பிடித்துப்போனதும் அடுத்த வருடமே இரண்டாம் பதிப்பில் உண்மையை ஒத்துக்கொண்டு, 'கோதிக் கதை' என்று துணைத்தலைப்பும் போட்டார். கதை எப்படி ஆரம்பிக்கிறது தெரியுமா? கல்யாணத்தன்று வானத்திலிருந்து ராட்சசத் தலைக்கவசம் ஒன்று விழுந்து மாப்பிள்ளையை நசுக்கிவிடுகிறது. மாப்பிள்ளையின் அப்பா, வாரிசு வேண்டும் என்பதற்காகத் தன் மனைவியைத் தள்ளிவைத்துவிட்டு மருமகளாக வரவிருந்த பெண்ணைத் தானே கட்டிக்கொள்ளத் துணிகிறான். அவள் விளக்கை எடுத்துக்கொண்டு கோட்டையின் சுரங்கப்பாதையில் ஓடுகிறாள். அந்த ஓட்டம் இன்றுவரை நிற்கவில்லை. அமானுஷ்யக் காதல் நாவல்களின் அட்டையில், பின்னணியில் ஒரு மாளிகை தெரிய, கூந்தல் பறக்க ஓடுகிற பெண் இவள்தான்.

ஆன் ராட்கிளிஃப் இதில் ஒரு முக்கியமான மாற்றம் செய்தார். அவர் கதைகளில் விநோத ஓசைகள் கேட்கும், உருவங்கள் நகரும், விளக்கு அணையும். ஆனால் கடைசியில் எல்லாவற்றுக்கும் இயல்பான காரணம் ஒன்று இருக்கும். பேய் கிடையாது, மனிதர்கள்தான். 1794இல் 'உடால்ஃபோ'வுக்கு அவர் வாங்கிய தொகை 500 பவுண்டு, மூன்று வருடம் கழித்து 'இத்தாலிய'னுக்கு 800 பவுண்டு. அந்தக் காலத்தில் நாவலுக்கு அது பெருந்தொகை.

சரி, புத்தகம் வாசகரிடம் எப்படிப் போய்ச் சேர்ந்தது? நாலு தொகுதி 'உடால்ஃபோ'வின் விலை ஒரு பவுண்டு ஐந்து ஷில்லிங். நடுத்தரக் குடும்பத்துக்கே யோசிக்க வைக்கும் விலை. அதனால் மக்கள் வாங்கவில்லை, வாடகைக்கு எடுத்தார்கள். சந்தா கட்டினால் தொகுதி தொகுதியாக வீட்டுக்குக் கொண்டுபோகலாம். ஒரே நாவல் நாலு தொகுதியாக இருந்தால் ஒரே நேரத்தில் நாலு பேருக்குக் கொடுக்கலாம் என்பது நூலகக்காரரின் கணக்கு. முதல் தொகுதியை ஒரு மர்மத்தில் கொண்டுவந்து நிறுத்தினால்தான் அடுத்ததைக் கேட்டு ஆள் வரும் என்பது எழுத்தாளரின் கணக்கு. ஒரு மென்பொருளின் வடிவத்தை அது ஓடும் இயந்திரம் தீர்மானிப்பதுபோல, இந்தக் கதைகளின் வடிவத்தை அவை சுற்றிவந்த நூலகம் தீர்மானித்தது.

இந்த வியாபாரத்தின் ராஜா வில்லியம் லேன். லண்டன் லெடன்ஹால் தெருவில் மினர்வா பிரஸ் என்ற அச்சகமும் கூடவே வாடகை நூலகமும் நடத்தினார். ஊர் ஊராகப் புதிதாக நூலகம் தொடங்குகிறவர்களுக்குப் புத்தகங்களை மொத்தமாகக் கொடுத்தார். நம் பட்டியலில் 'நள்ளிரவு மணி' தவிர மற்ற ஆறும் மினர்வா வெளியீடுகள். விமர்சகர்களுக்கு மினர்வா என்றாலே இளக்காரம். பெண்கள் எழுதி, பெண்கள் படித்து, கெட்டுப்போகிறார்கள் என்பதுதான் புகாரின் சாரம்.

எழுதியவர்கள் யார் என்று பார்த்தால் அந்த இளக்காரத்தின் கனம் தெரியும். பட்டியலில் இரண்டு புத்தகங்கள் எலைசா பார்சன்ஸுடையவை. கணவர் டர்பன்டைன் வியாபாரி. கிடங்கு தீப்பிடித்து எரிந்தது, பிறகு கணவரும் இறந்துபோனார். எட்டுக் குழந்தைகள். வேறு வழியில்லாமல் எழுத ஆரம்பித்தார். எழுத்தாளர்களுக்கு உதவும் இலக்கிய நிதியிடம் கை நீட்டவும் வேண்டியிருந்தது. பொழுதுபோகாமல் எழுதிய சீமாட்டி அல்ல, சோற்றுக்காக எழுதியவர். 'கிளெர்மான்ட்' எழுதிய ரெஜினா மரியா ரோச் அயர்லாந்துக்காரர். 'ரைன் நதியின் அனாதை' எலினோர் ஸ்லீத் எழுதியது. 'நள்ளிரவு மணி'யை எழுதிய ஃபிரான்சிஸ் லேதம் ஆண். மீதி இரண்டும் ஜெர்மன் மொழிபெயர்ப்புகள். அதில் 'கருங்காட்டு மந்திரவாதி'யின் ஒரு பகுதி கவிஞர் ஷில்லரின் கதை ஒன்றிலிருந்து சத்தமில்லாமல் உருவப்பட்டது. அப்போது ஜெர்மன் என்றால் மவுசு. அதனால் 'வுல்ஃபன்பாக் கோட்டை'யும் 'நள்ளிரவு மணி'யும் அசல் ஆங்கில நாவல்களாக இருந்தும் 'ஜெர்மன் கதை' என்று அட்டை கட்டிக்கொண்டு வந்தன.

இந்தக் கதைகளில் அப்படி என்னதான் இருந்தது? 'வுல்ஃபன்பாக் கோட்டை'யையே எடுத்துக்கொள்ளலாம். மெட்டில்டா என்ற பெண், வளர்த்த மாமாவின் கெட்ட எண்ணம் தெரிந்து வீட்டைவிட்டு ஓடுகிறாள். தங்க இடம் கிடைப்பது ஒரு பாழடைந்த கோட்டையில். மாடியில் பேய் நடமாட்டம் என்று காவலுக்கு இருப்பவர்கள் பயமுறுத்துகிறார்கள். ராத்திரியில் சத்தம் கேட்கிறது. மெட்டில்டா துணிந்து மேலே ஏறிப் போகிறாள். அங்கே இருப்பது பேய் இல்லை. கோட்டைச் சொந்தக்காரனின் மனைவி. செத்துப்போனதாக உலகத்துக்குச் சொல்லப்பட்ட மனைவி.

'உடால்ஃபோ'விலும் நடுமையம் இதுதான். மான்டோனி தன் மனைவியைக் கோபுரத்தில் அடைப்பது எதற்காக? அவள் பெயரிலுள்ள நிலத்தை எழுதி வாங்க. அவள் கையெழுத்துப் போடாமலே செத்துப்போகிறாள். அடுத்து அவளுடைய அண்ணன் மகள் எமிலியிடம் அதே காகிதம் நீட்டப்படுகிறது. அன்றைய ஆங்கிலப் பொதுச்சட்டப்படி கல்யாணமான பெண்ணுக்குத் தனிச் சட்ட இருப்பே கிடையாது. அவள் கையிலிருக்கும் பணமும் பொருளும் கணவனுடையவை. நிலத்தை ஆள்வதும் அவனே. தனிப் பத்திரம் எழுதிப் பாதுகாத்துக்கொள்ளப் பணக்காரக் குடும்பங்களால் மட்டும்தான் முடிந்தது. 1870, 1882 சட்டங்கள் வரும்வரை இதுதான் நிலைமை. இதைத் தெரிந்துகொண்டு படித்தால், பூட்டிய அறையும் சங்கிலிச் சத்தமும் வெறும் பயமுறுத்தலாகத் தெரியாது. யாரைக் கட்டிக்கொள்வது, அவன் வீட்டுக்குப் போனால் என்ன ஆகும் என்பதுதான் ஒரு பெண்ணின் வாழ்க்கையிலேயே பெரிய மர்மம். காதலும் பேயும் ஒரே கதைக்குள் குடிவந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

ஆஸ்டின் இதைக் கிண்டல் செய்தார் என்று பள்ளிக்கூடப் பாடம்போலச் சொல்லிவிடுகிறோம். செய்தார்தான். கேத்தரின் நார்தாங்கர் அபிக்கு விருந்தாளியாகப் போய், வீட்டுக்காரர் ஜெனரல் டில்னி தன் மனைவியைக் கொன்றிருப்பார் அல்லது அடைத்து வைத்திருப்பார் என்று சந்தேகப்பட்டு அசடு வழிகிறாள். மனைவி நோயில் இறந்தவர். ஆனால் கதை அதோடு முடியவில்லை. கேத்தரின் பணக்காரி இல்லை என்று தெரிந்ததும் அதே ஜெனரல் அவளை வீட்டைவிட்டுத் துரத்துகிறார். விடிந்ததும் கிளம்ப வேண்டும். எழுபது மைல், துணைக்கு ஆள் இல்லை. பயங்கர நாவல்கள் அவளுக்குத் தப்பான குற்றத்தைக் காட்டின. ஆளைச் சரியாகத்தான் காட்டியிருந்தன.

ஆஸ்டின் இந்தப் புத்தகங்களை வெளியிலிருந்து பார்த்தவரும் இல்லை. 1798 அக்டோபரில் அக்கா கசாண்ட்ராவுக்கு எழுதிய கடிதத்தில், அப்பா நூலகத்திலிருந்து எடுத்துவந்த 'நள்ளிரவு மணி'யைப் படித்துக்கொண்டிருக்கிறார் என்று போகிறபோக்கில் சொல்கிறார். அப்பா ஜார்ஜ் ஆஸ்டின் ஒரு பாதிரியார். அதே டிசம்பரில், எங்கள் குடும்பம் நாவல் படிக்கிற குடும்பம், அதில் எங்களுக்கு வெட்கம் இல்லை என்ற பொருளில் இன்னொரு கடிதம். 'நார்தாங்கர் அபி'யில் கதையை நிறுத்திவிட்டு நாவல்களுக்காகவே வாதாடுகிறார். 'எம்மா'வில் ஹேரியட், தனக்குப் பிடித்தவனிடம் ராட்கிளிஃபையும் ரோச்சையும் படிக்கச் சொல்கிறாள். அவன் இன்னும் படிக்கவில்லை, ஆனால் படிப்பதாக இருக்கிறான். இதைவிட நல்ல காதல் அறிகுறி வேறென்ன?

இதில் வேதனையான ஒன்றும் உண்டு. 1803இல் ஆஸ்டின் இந்த நாவலை கிராஸ்பி என்ற பதிப்பாளருக்குப் பத்து பவுண்டுக்கு விற்றார். அவர் அச்சிடவே இல்லை. 1809இல் புனைபெயரில் எழுதிக் கேட்டபோது, பத்து பவுண்டைக் கொடுத்தால் திருப்பித் தருகிறேன் என்றார். 1816இல்தான் அண்ணன் ஹென்றி மீட்டுக்கொடுத்தார். எழுதி முடித்துப் பதிமூன்று வருடமாகிவிட்டது, இதில் வரும் புத்தகங்கள் பழசாகியிருக்கும் என்று ஆஸ்டின் ஒரு குறிப்பு சேர்த்தார். 1817 ஜூலையில் இறந்துபோனார். நாவல் அந்த டிசம்பரில் வந்தது. சில நாள் கழித்து, 1818 ஜனவரி 1 அன்று, 'ஃபிராங்கன்ஸ்டைன்' வெளியானது. பயம் அதற்குள் வேறு வீட்டுக்குக் குடிமாறியிருந்தது.

அந்த ஏழு நாவல்கள் என்ன ஆயின? படித்துப் படித்தே அழிந்தன. வாடகை நூலகப் பிரதிகள் கை மாறிக் கிழிந்து போயின. பண்டிதர்களின் அலமாரியில் அவை ஏறவே இல்லை. இருபதாம் நூற்றாண்டில் தேட ஆரம்பித்தவர்களில் மான்டேகு சம்மர்ஸும் மைக்கேல் சாட்லியரும் முக்கியமானவர்கள். சாட்லியர் 1927இல் இந்த ஏழைப் பற்றி ஒரு சிறு நூலே வெளியிட்டார். அவர் சேர்த்த கோதிக் நாவல்கள் இன்று வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. 1968இல் ஃபோலியோ சொசைட்டி ஏழையும் ஒரே தொகுப்பாக மறுபதிப்பு செய்தபோது அதன் பதிப்பாசிரியர் தேவேந்திர வர்மா. இந்தியாவில் பிறந்து, கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர்; கோதிக் ஆய்வுக்கே வாழ்நாளைக் கொடுத்தவர். இப்போது வாலன்கோர்ட் புக்ஸ் என்ற சிறு பதிப்பகம் இவற்றை அச்சில் வைத்திருக்கிறது. அது பெயர் எடுத்துக்கொண்டது 'உடால்ஃபோ'வின் காதலனிடமிருந்து.

அதே காலத்தில் மினர்வா அச்சிட்ட எத்தனையோ நாவல்களை இன்று பெயர் சொல்லக்கூட ஆளில்லை. இந்த ஏழை மட்டும் தேடிப் போனார்கள். இவை மற்றவற்றைவிட ஒசத்தி என்பதற்காக அல்ல. ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் 'இதைப் படி' என்று சொன்னது ஒரு பெரிய நாவலுக்குள் பதிவாகிவிட்டது, அவ்வளவுதான். விமர்சகர்கள் செய்யாத காரியத்தை அந்தக் கைக்குறிப்பேடு செய்தது. பெண்கள் எதை ஆசையாகப் படித்தார்கள் என்பதற்கு வரலாற்றில் மிஞ்சுவது பல நேரம் இந்த மாதிரித் துண்டுச்சீட்டுகள்தான்.

படிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு என் வரிசை இது. முதலில் 'வுல்ஃபன்பாக் கோட்டை': இரண்டே தொகுதி, விறுவிறுவென்று ஓடும், மயக்கம் போட்டு விழுகிறவர்களின் எண்ணிக்கையை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும். அடுத்து 'நள்ளிரவு மணி'. பிறகு 'கிளெர்மான்ட்': பேயைவிட, மகளிடம் கடந்தகாலத்தை மறைக்கும் ஓர் அப்பாவின் கதை. 'கொடூர மர்மங்க'ளை அவசரப்பட்டு எடுக்காதீர்கள்; ரகசியச் சங்கங்களும் கிளைக்கதைகளும் தலையைச் சுற்றவைக்கும். அதற்கு முன்னால் 'உடால்ஃபோ'வை முடித்திருந்தால் நல்லது. கறுப்புத் திரைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று மட்டும் என்னிடம் கேட்கக்கூடாது.