கடைக்கணக்கும் கோயிற்பற்றின் எல்லையும்: பழைய ஆங்கிலக் கிராமத்தின் வினைஞர்களும் குடிகளும்

ஆங்கிலக் கிராமம் என்றதும் குறிப்பிட்டதோர் ஓவியமே எம் மனக்கண்முன் தோன்றுகின்றது. ஆங்கில இலக்கியம் பயின்றோருக்கு அது பெரும்பாலும் ஒலிவர் கோல்ட்சிமித் 1770 இல் வெளியிட்ட ‘கைவிடப்பட்ட கிராமம்’ என்ற கவிதையினாற் பதிந்த ஓவியமாகும். வரலாறு பயின்றோரோ சேர் ஹென்றி மெயின் முதலானோரின் எழுத்துக்கள் வழியாக, தன்னிறைவும் கூட்டுரிமையும் கொண்ட பழங்கிராமம் என்ற கருத்தினைப் பெற்றனர். இவ்விரண்டிற்கும் பொதுவான எடுகோள் ஒன்றுண்டு. கொல்லனும் தச்சனும் நெசவாளனும் பிறந்த ஊரிலேயே வாழ்ந்து, தந்தையின் தொழிலையே செய்து, அவ்வூர்த் தேவாலய முற்றத்திலேயே அடக்கம் பெற்றனர் என்பதே அது.

கிராமங்கள் விட்டுச்சென்ற ஏடுகள் இதற்கு முற்றிலும் மாறானதைக் கூறுகின்றன. நொற்றிங்ஹாம்ஷயரிலுள்ள கிளேவேத் என்னுங் கிராமத்தின் குரு, தம் மக்கள் அனைவரையும் வீடு வீடாக 1676 இலும் மீண்டும் 1688 இலும் பதிவு செய்து வைத்தார். முதலாவது பட்டியலில் 401 பேரும் இரண்டாவதில் 412 பேரும் காணப்படுகின்றனர். தொகையை மட்டும் நோக்குவோர் அசைவற்ற கிராமம் என்றே முடிவு செய்வர். ஆனால் பெயர்களை ஒப்புநோக்கிய பீற்றர் லாஸ்லற் என்னும் ஆய்வாளர், முதற் பட்டியலில் இருந்தோரில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கினர் பன்னிரண்டு ஆண்டுகளுள் மறைந்துவிட்டமையை எடுத்துக்காட்டினார். சிலர் இறந்தனர், பெரும்பாலோர் வேறிடஞ் சென்றனர். அவர்தம் இடத்தைப் புதியவர்கள் நிரப்பினர்.

அங்ஙனமாயின் இடையறாது ஆட்கள் வந்துபோன ஓரிடத்தில், யார் ஊருக்குரியவர், யார் அந்நியர் என்பது எவ்வாறு தீர்மானிக்கப்பட்டது? அதனைத் தீர்மானித்தவர் யாவர்? நிலப்பிரபுவே தீர்மானித்தான் என்பது எளிதான விடை. அவ்விடை போதுமானதன்று என்பதே எனது கருத்து. நாள்தோறும் நடைமுறையில் இதனைத் தீர்மானித்தோர் கமக்காரர், கடைக்காரர், கைவினைஞர் ஆகிய நடுத்தரத்தாரே.

இவ்வினைஞர்களின் தொழிலைப் பற்றி முதலிற் சில வார்த்தைகள். கொல்லர், தச்சர், வண்டிச்சில்லுச் செய்வோர், பீப்பாய் செய்வோர், நெசவாளர், தையற்காரர், சப்பாத்துத் தைப்போர், மாவாலைக்காரர் ஆகியோர் சற்றுப் பெரிய கிராமங்களிற் பரவலாகக் காணப்பட்டனர். 1563 ஆம் ஆண்டின் வினைஞர் சட்டப்படி ஒரு தொழிலைச் செய்வதற்கு ஏழாண்டுக்காலப் பயிலுநராக இருந்திருத்தல் வேண்டும். ஆயினும் தொழிலின் பெயரைக் கொண்டு மட்டும் ஒருவரை அறிந்துவிட முடியாது. இறந்தோரின் உடைமைகளை அயலவர் மதிப்பிட்டு எழுதிய பட்டியல்களிலே கொல்லனின் உலைக்கருவிகளுக்கு அடுத்து இரண்டு பசுக்களும், நெசவாளனின் தறிக்கு அடுத்து அறுவடை செய்த பார்லியும் இடம்பெறுவதைக் காணலாம். பலருக்குத் தொழில் பாதி, நிலம் பாதி. நிலம் கைவிட்டுப் போனபோது தொழில் மட்டும் அவர்களைத் தாங்கவில்லை என்பதை மனங்கொள்ள வேண்டும்.

கிராமத்தின் படிநிலையைக் கண்கூடாகக் காட்டும் நூலொன்று எமக்குக் கிடைத்துள்ளது. ஷ்றொப்ஷயரிலுள்ள மிடில் என்னுங் கிராமத்தைச் சேர்ந்த றிச்சட் கோவ், முதுமையில், 1700 தொடக்கம் 1702 வரையிலான காலப்பகுதியில் அதனை எழுதினார். தேவாலயத்தின் வாங்குகளை ஒவ்வொன்றாக எடுத்து, இந்த வாங்கு எந்த வீட்டுக்குரியது, அவ்வீட்டில் இருந்தோர் யார், அவர் மக்கள் என்னவாயினர் என்று சொல்லிக்கொண்டு போகும் முறை வேறெங்கும் காணற்கரியது. வாங்கின் உரிமை ஆளுக்கன்று, வீட்டுக்கும் காணிக்குமே உரியது. சிறுகுடிசைக்காரருக்குப் பின்வரிசை. மது அருந்திக் கெட்டவர், கடனில் மூழ்கியவர், இலண்டனுக்கு ஓடியவர் யாவரும் அவர் எழுத்தில் உயிர்பெறுகின்றனர். உள்நாட்டுப் போருக்கு மிடில், மார்ட்டன், நியூட்டன் ஆகிய மூன்று சிற்றூர்களிலிருந்தும் இருபது பேர் சென்றனர் என்றும், அவர்களிற் பதின்மூவர் மாண்டனர் என்றும் அவர் கணக்கிட்டுள்ளார். அரசர்களின் போரை நூல்களிற் படிக்கும் எமக்கு இக்கணக்கு வேறொரு பாடமாகும். கோவின் நூலில் இன்னுமொரு பகுதி உண்டு. வறிய குடும்பங்களை ஏற்கும் பொறுப்பு யாருடையது என்று மிடிலுக்கும் அயற் கோயிற்பற்றுக்களுக்கும் இடையே நடந்த வழக்குகளின் விபரமே அது.

‘கோயிற்பற்று’ என்பது போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்து யாழ்ப்பாணத்தில் வழங்கிய சொல். ஆங்கிலேயரின் ‘பரிஷ்’ என்பதற்கு இதனையே இங்கு ஆளுகின்றேன். இங்கிலாந்திலே கோயிற்பற்று வெறும் சமயப் பிரிவன்று. 1601 ஆம் ஆண்டின் வறியோர் சட்டம், வறியோரைப் பேணும் கடமையை ஒவ்வொரு கோயிற்பற்றின்மீதும் சுமத்தியது. ஊர்க்குடிகளிடமிருந்தே வரி அறவிடப்பட்டது. அதனை அறவிட்டுப் பங்கிடும் மேற்பார்வையாளர் ஆண்டுதோறும் ஊரவரிலிருந்தே, ஊதியமின்றி, நியமிக்கப்பட்டனர். பின்னர் வந்த 1662 ஆம் ஆண்டின் குடியிருப்புச் சட்டம், ஆண்டொன்றுக்கு 10 பவுணுக்குக் குறைந்த வாடகையில் வந்து குடியேறும் ஒருவர், பிற்காலத்தில் ஊருக்குச் சுமையாகக்கூடும் என்று அதிகாரிகள் அஞ்சினால், நாற்பது நாட்களுக்குள் முறையிட்டு அவரை வெளியேற்றலாம் என்றது. அவர் சுமையாகியிருக்க வேண்டியதில்லை. ஆகக்கூடும் என்ற ஐயமே போதுமானது. கிரகரி கிங் 1688 ஆம் ஆண்டுக்குச் செய்த மதிப்பீட்டில், நாட்டின் ஏறக்குறைய 13,60,000 குடும்பங்களில் 4,00,000 குடும்பங்கள் குடிசைவாசிகளும் வறியோருமாகக் கணிக்கப்பட்டன. இவ்வையம் எத்தனை பேரின் தலைமீது தொங்கியது என்பதை இதனால் ஊகிக்கலாம்.

இச்சட்டம் நடைமுறையில் எவ்வாறு இயங்கியது என்பதை அறிய ஒரு கடைக்காரரின் நாட்குறிப்பே சிறந்த சான்று. தோமஸ் ரேணர் 1729 இல் கென்ற் மாவட்டத்தின் குறூம்பிரிட்ஜில் பிறந்தவர். சசெக்ஸ் மாவட்டத்தில் லூயிஸ் நகரிலிருந்து சில மைல் தொலைவிலுள்ள ஈஸ்ற் ஹோத்லை என்னுங் கிராமத்திற்கு 1750 அளவில் வந்து கடை வைத்தார். 1754 முதல் 1765 வரை அவர் எழுதிய நாட்குறிப்பின் 111 சிற்றேடுகள் இன்று அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உள்ளன. அவற்றின் விரிவான பதிப்பு 1984 இல் வெளிவந்தது.

ரேணரின் கடையில் இல்லாத பொருளில்லை எனலாம். துணி, தொப்பி, சீனி, தேயிலை, ஆணி, மருந்து, கடதாசி அனைத்தும் விற்றார். கந்தலைச் சேர்த்துக் கடதாசி செய்வோருக்கு அனுப்பினார். மரணச் சடங்குகளுக்கு வேண்டிய கையுறைகளையும் துக்கப் பட்டிகளையும் வழங்கி, சடங்கையும் ஒழுங்கு செய்தார். சிறிது காலம் பாடசாலை நடத்தினார். அயலவருக்கு மரணசாசனம் எழுதினார், கணக்குப் பார்த்தார். சரக்குக் கொடுத்தோரின் கணக்கைத் தீர்க்க இலண்டனுக்கும் போய்வந்தார். தன்னிறைவுக் கிராமம் என்ற கோட்பாட்டுக்குத் தேயிலையும் சீனியும் விற்ற இக்கடை ஒன்றே போதிய மறுப்பாகும். சீனாவின் தேயிலையும், மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகள் உழைத்துத் தந்த சீனியும் ஒரு சசெக்ஸ் உழவனின் மேசைக்கு வந்துவிட்டன.

இவ்வணிகம் முழுவதும் கடன்மீதே நின்றது. சிறு பெறுமதி நாணயங்களின் தட்டுப்பாடு இங்கிலாந்தின் நெடுங்கால நோய். 1648 முதல் 1672 வரை கிராமக் கடைக்காரர்களும் தம் பெயர் பொறித்த அடையாள நாணயங்களை வெளியிட நேர்ந்தமைக்கு அதுவே காரணம். ரேணரின் காலத்திலும் பணம் அரிதாகவே கைமாறியது, கணக்கேடு நீண்டது. நெடுநாளாகக் கடன் தீர்க்காத அயலவர் ஒருவர்மீது வழக்குத் தொடுப்பதா விடுவதா என்று அவர் தம்முள் நடத்தும் வாதம் நாட்குறிப்பின் உருக்கமான பகுதிகளுள் ஒன்று. தொடுத்தால் அவன் குடும்பம் அழியும். தொடுக்காவிடின் தாமே அழிய நேரும். அந்தக் கடனாளியை அவர் ஞாயிறுதோறும் தேவாலயத்திற் காண வேண்டும். பொருளியல் நூல்கள் கூறும் சந்தைக்கு முகமில்லை, இச்சந்தைக்கு முகமிருந்தது.

ரேணரை ஒரு கல்நெஞ்சராகக் கொள்ளுதல் தவறு. ஷேக்ஸ்பியரையும் ரிலொற்சன் பேராயரின் பிரசங்கங்களையும் விரும்பிப் படித்தவர் அவர். 1758 இன் தொடக்கத்தில் ஊர்க்குருவும் அவர் மனைவியும் உட்பட அயலவர்கள் வீடு வீடாகச் சென்று விடியும்வரை குடித்துக் கூத்தாடியதையும், அதில் தாமும் சேர்ந்ததையும் எழுதி, மறுநாள் தம்மையே கடிந்துகொள்கிறார். 1761 இல் மனைவி இறந்தபோது, அதுவரை அவரோடு கொண்ட பிணக்குகள் எல்லாம் மறந்து கதறுகிறார். இத்தகைய மனிதரே வறியோர் மேற்பார்வையாளராகவும் இருந்தார். எமது வினாவின் சிக்கல் இங்குதான் உள்ளது.

மேற்பார்வையாளரின் முதற்கடமை வரியைக் குறைவாக வைத்திருத்தல் என்றே வரி செலுத்துவோர் எண்ணினர். அதற்கான எளிய வழி உரிமையுள்ளோரின் தொகையைக் குறைத்தல். மணமாகாத பணியாளர் ஓராண்டு முழுவதும் ஒரே எசமானிடம் வேலை செய்தால் அவ்வூரின் உரிமை பெறுவர். ஆகவே எசமானர் பலர் ஓராண்டுக்குச் சில நாட்கள் குறைவாகவே வேலைக்கு அமர்த்தினர். மணமாகாத பெண்ணின் குழந்தை பிறந்த ஊருக்குரியது. ஆகவே கருவுற்ற பெண்கள் பேற்றுக்கு முன்னரே எல்லைக்கு அப்பால் அனுப்பப்பட்டனர், அல்லது குழந்தையின் தந்தையெனப் பெயர் கூறப்பட்டவன் சமாதான நீதவான் முன் நிறுத்தப்பட்டான். மனைவிக்குக் கணவனின் ஊரே ஊர். கணவன் இறந்தால், தான் ஒருநாளும் கண்டிராத ஒரு கோயிற்பற்றுக்கு அவள் பிள்ளைகளுடன் வண்டியேற்றப்படலாம். 1697 முதல், உதவி பெறுவோர் ஊரின் முதலெழுத்தோடு வறியவர் என்பதைக் குறிக்கும் எழுத்தையும் தோளில் அணிதல் வேண்டும் எனச் சட்டமாயிற்று. விசாரணைக்காகவும் ஆட்களை ஒப்படைப்பதற்காகவும் குதிரையேறிப் போய்வருதல் ரேணரின் அலுவல்களுள் ஒன்றாயிற்று.

அவரே கென்ற்றில் பிறந்து இங்கு வந்தவர் என்பதை வாசகர் மறந்திருக்கமாட்டார். ஆனால் போதிய வாடகை செலுத்துதல், ஊர்வரி செலுத்துதல், ஓராண்டு பொதுப்பதவி வகித்தல் ஆகியனவும் உரிமை தரும் வழிகளாக இருந்தன. எல்லை எல்லோருக்கும் மூடியிருக்கவில்லை. கடைக்கு முதல் உடையவன் வந்தான், தங்கினான், பின்பு பிறரை வெளியேற்றும் பதவியையும் ஏற்றான். கோயிற்பற்றுக் கணக்கேடுகள் பலவற்றில், வறியோருக்கென வாங்கிய துணிக்கும் சப்பாத்துக்கும் பணம் பெற்றோராக ஊர்க் கடைக்காரரும் வினைஞருமே காணப்படுகின்றனர். வரி கொடுத்த கையும் அதன் ஒரு பகுதியைத் திரும்பப் பெற்ற கையும் ஒன்றாகவே இருந்தன.

ரேணர் 1765 இல் மறுமணம் செய்ததோடு நாட்குறிப்பை நிறுத்திவிட்டார். 1793 இல் இறந்தார். அடுத்த தலைமுறையில் நிலைமை மேலும் மோசமாயிற்று. பொதுநிலங்கள் வேலியிடப்பட்டபோது வினைஞனின் பசுவுக்கு மேய்ச்சல் இல்லாது போயிற்று. 1795 இல், உண்மையில் உதவி வேண்டியவரை மட்டுமே வெளியேற்றலாம் எனச் சட்டம் தளர்ந்தது. ஆயினும் அதே காலத்தில் தானிய விலை உயர்வினால் உதவி வேண்டியோர் பெருகினர். 1830 இல் தென்னிங்கிலாந்தின் உழவுத் தொழிலாளர் கிளர்ந்தெழுந்து கதிரடிக்கும் இயந்திரங்களை உடைத்தனர். ஹொப்ஸ்போமும் றூடேயும் 1969 இல் வெளியிட்ட ஆய்வின்படி, அவர்களுட் கிராமக் கைவினைஞரும் கணிசமாக இருந்தனர். பத்தொன்பது பேர் தூக்கிலிடப்பட்டனர். 481 பேர் அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றப்பட்டனர்.

அவ்வாண்டு நவம்பரில், ஈஸ்ற் ஹோத்லை அமைந்த அதே கிழக்குச் சசெக்ஸில், பிறீட் என்னுங் கிராமத்து மக்கள் தம் ஊரின் உதவி மேற்பார்வையாளரின் வீட்டை அடைந்தனர். வறியோரை மாடுகளைப்போல் இழுக்கவைப்பதற்கென அவர் கொண்டுவந்த வண்டி ஒன்று அங்கிருந்தது. அவரை அதிலேயே ஏற்றி, கோயிற்பற்றின் எல்லைக்கு அப்பால் இழுத்துச் சென்று இறக்கிவிட்டு வந்தனர்.