மா என்னும் ஓரெழுத்துச் சொல்

ஓர் எழுத்தே தனித்து நின்று பொருள் தருமாயின் அதனை ஓரெழுத்தொருமொழி என்பர் இலக்கண நூலார். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் இத்தகைய சொற்களை 42 எனத் தொகுத்துக் கூறுகின்றது. அவற்றுள் மகர வரிசையில் வருவன ஆறு. அவ்வாறனுள் ஒன்று ‘மா’. இவ்வொலி உலக மொழிகள் பலவற்றிலும் உண்டு; பொருளோ இடந்தோறும் வேறு. ஒலி ஒத்தால் இனமும் ஒக்கும் என்று விரைந்து முடிவு கட்டும் பழக்கம் நம்மிடையே இன்றும் இருத்தலின், அம்முடிவு எங்கே நிற்கும், எங்கே வீழும் என்பதை இவ்வொரு சொல்லைக் கொண்டே ஆராய்வோம்.

முதற்கண் நம் வீட்டைப் பார்ப்போம். தமிழில் மா என்பது மரம், விலங்கு, சிறப்பாகக் குதிரை, பெருமை, கருமை, திருமகள், அரிசி முதலியவற்றை இடித்த பொடி. அளவையிலும் மா உண்டு. ஒன்றை இருபது கூறாக்கினால் ஒரு கூறு மா. எண்பது கூறாக்கினால் ஒரு கூறு காணி. மாவும் காணியும் கூடினால் பதினாறில் ஒன்றாகும். ஆகவேதான் அதற்கு ‘மாகாணி’ என்று பெயர். நிலத்திலும் 20 மா கொண்டது ஒரு வேலி. இத்தனை பொருள் இருந்தும் மயக்கம் நேர்வதில்லை. மரத்தைக் குறிக்கும் மா, மாங்காய், மாந்தளிர், மாம்பூ என மெல்லெழுத்துப் பெறும். பொடியைக் குறிக்கும் மா, மாக்கோலம் என வல்லெழுத்துப் பெறும். புணர்ச்சி விதி பொருளைப் பிரித்துக் காட்டும் கருவியாதலை மாணவர்க்கு விளக்க இதனினும் எளிய சான்று வேண்டுவதில்லை.

நாம் புணர்ச்சியாற் செய்வதைச் சீனர் குரலின் ஏற்ற இறக்கத்தாற் செய்கின்றனர். மாண்டரின் மொழியில் மா எனச் சமனாக உயர்த்திச் சொன்னால் தாய். மேலெழச் சொன்னால் சணல். தாழ்த்தி எழுப்பினால் குதிரை. வீழ்த்திச் சொன்னால் ஏசுதல். வியத்நாம் மொழியில் பேய், கல்லறை, நெல் நாற்று முதலியன இவ்வாறே வேறுபடுகின்றன. தாய்லாந்து மொழியில் வருதல், குதிரை, நாய் மூன்றும் குரலால் மட்டுமே பிரிவன. இத்தாலியில் மா என்றால் ‘ஆனால்’, அங்கேரியில் ‘இன்று’, பின்லாந்தில் ‘நிலம்’, அரபியில் ‘என்ன’.

சீனத்திலும் குதிரை மா, தமிழிலும் குதிரை மா என்றவுடன் உள்ளம் துள்ளும். ஈண்டுத்தான் நிதானம் வேண்டும். சீனச் சொல்லின் பண்டை வடிவத்தை ஆராய்ந்தோர் அதன் நடுவே ஒரு ரகர ஒலி இருந்ததென்று நிறுவியுள்ளனர். காலப்போக்கில் அவ்வொலி தேய்ந்தமையாற்றான் இன்று அது நம் சொல்லைப் போல ஒலிக்கின்றது. அன்றியும், நம் மா விலங்கு என்னும் பொதுப்பொருளும் உடையது. இன்றைய ஒலியை வைத்து உறவு காண்பது, முதியவர் இருவரின் நரையைப் பார்த்து உடன்பிறந்தார் என்பது போலாம்.

எனினும் அக்குதிரைச் சொல் தமிழர் வரலாற்றுக்கு அருகே ஒருமுறை வந்தது. 1405 முதல் 1433 வரை ஏழு கடற்பயணங்களில் பங்குகொண்டு மலாக்காவுக்கும் வந்த தளபதி செங் ஹோவின் பிறப்புக் குடிப்பெயர் மா. சீன முஸ்லிம்களிடையே பெருவழக்கான இப்பெயர் குதிரைக்குரிய எழுத்தாலேயே எழுதப்படும். அவர் இலங்கையில் வைக்கச் செய்த 1409ஆம் ஆண்டுக் கல்வெட்டு 1911இல் காலி நகரில் கண்டெடுக்கப்பட்டது; கொழும்பு அருங்காட்சியகத்தில் உள்ளது. அதன் சீனப் பகுதி புத்தரையும், பாரசீகப் பகுதி அல்லாவையும், தமிழ்ப் பகுதி தென்னிலங்கைத் திருமாலையும் போற்றுகின்றன. சீனரும் தமிழரும் உறவு கொண்டமைக்கு இக்கல்லே சான்று, ஒலியொப்புமை சான்றன்று.

இனி, தாயைக் குறிக்கும் மா. இந்தியிலும் சீனத்திலும் வேறு பல மொழிகளிலும் இது காணப்படுவதேன்? ரோமன் யாக்கோப்சன் 1960இல் வெளியான கட்டுரையில் இதற்கு விடை கூறினார். பால் குடிக்கும் குழந்தையின் வாய் மூடியிருக்க, மூக்கின் வழியே எழும் முனகலே மகர ஒலி. பின்னர்ப் பசித்தபோதும் குழந்தை அதனையே எழுப்ப, பெற்றோர் அதற்குப் பொருள் கொடுக்கின்றனர். பொருள் கொடுப்பது சமுதாயமே என்பதற்கு ஜார்ஜிய மொழி சான்று. அங்கே ‘மாமா’ என்றால் தந்தை. நமக்கோ தாயுடன் பிறந்தவர்.

ஆயின் உண்மை உறவே இல்லையா? உண்டு. மாமரத்தைக் கன்னடர் ‘மாவு’ என்பர். தெலுங்கர் ‘மாமிடி’ என்பர். இவை நம் மாவுடன் ஒரு வேரின. கால்டுவெல் 1856இல் திராவிட மொழிகளின் உறவை நிறுவியது தனிச்சொற்களால் மட்டுமன்று. மூவிடப் பெயர், எண்ணுப்பெயர், வேற்றுமை உருபு, வினைவிகுதி ஆகியவை ஒழுங்குபட ஒத்தலைக் காட்டியே நிறுவினார்.

கடனும் உண்டு. மாங்காய் என்னும் சொல் மலாயில் ‘மங்கா’ ஆயிற்று. போர்த்துகீசியர் வாயில் ‘மங்கா’வாகவே ஐரோப்பா சென்று ஆங்கிலத்தில் ‘மாங்கோ’ ஆயிற்று. காயும் சொல்லும் ஒருங்கே கப்பலேறியமைக்கு வாணிக வரலாறு துணை நிற்கின்றது.

ஆகவே ஒலி ஒத்தற்குக் காரணம் நான்கு: தற்செயல், மழலை, கடன், பிறப்பு. இந்நான்கையும் பகுத்தறியாது எல்லாவற்றையும் பிறப்பென்றே கூறின், மெய்யான உறவையும் பிறர் நம்பமாட்டார். தமிழின் பெருமைக்குப் பொய்ச்சான்று தேவையில்லை. மாகாணியும் மாங்காயும் போதும். ஆசிரியர்கள் வகுப்பில் ஒலியொப்புமை ஒன்றைக் காட்டும்போதெல்லாம், ‘இது நான்கனுள் எது?’ என்று மாணவரைக் கேட்பாராக. அக்கேள்வியே மொழியாராய்ச்சியின் அரிச்சுவடி.