விட்னெஸ் சோடா ஆலைகளும் தொழிலாளர் பாதுகாப்பும்

இங்கிலாந்தில் மெர்சி ஆற்றங்கரையில் உள்ள விட்னெஸ், 19ஆம் நூற்றாண்டில் சோடா உற்பத்திக்குப் பேர்போன ஊர். ஜான் ஹட்சின்சன் 1847இல் அங்கே ஆலை தொடங்கினார். சோப்புக்கும் கண்ணாடிக்கும் வேண்டிய சோடா, பிரான்சின் நிக்கோலா லெப்லாங்க் 1791இல் காப்புரிமை பெற்ற முறையில் தயாரானது. உப்பைக் கந்தக அமிலத்துடன் சூடாக்குவது அதன் முதல் படி. அப்போது எழுந்த ஹைட்ரோகுளோரிக் அமில வாயு புகைபோக்கி வழியே வெளியேறி, சுற்றுவட்டாரப் பயிர்களையும் மரங்களையும் கருக்கியது.

இதற்குத் தீர்வு 1836இலேயே கிடைத்திருந்தது. வில்லியம் காஸேஜ் அமைத்த கோபுரத்தில், மேலிருந்து வடியும் நீர் வாயுவைக் கரைத்துக்கொண்டது. ஆனால் நிலக்கிழார்கள் முறையிட்ட பிறகே 1863இல் காரத் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. வாயுவில் 95 விழுக்காட்டையாவது பிடித்தாக வேண்டும் என்று அது விதித்தது. வயலும் தோப்பும் ஓரளவு தப்பின. ஆலைக்குள் இருந்தவர்களுக்கு அதனால் பெரிய பயன் இல்லை.

பிடித்த அமிலத்திலிருந்து குளோரின் எடுத்து, அதைச் சுண்ணாம்பில் ஏற்றி பிளீச்சிங் பவுடர் செய்தார்கள். குளோரின் நெடி அடங்காத அறைக்குள் நுழைந்து அத்தூளைப் பீப்பாயில் அள்ளிப்போடுவது ஆட்களின் வேலை. பல மடிப்பு கம்பளித் துணியை வாயில் இறுக்கிக் கட்டி, அதன் வழியே மூச்சை இழுத்து மூக்கால் விட்டார்கள். உப்பைச் சூடாக்கும் உலைகளில் அமில ஆவி பல்லை அரித்தது. கடும் காரமான காஸ்டிக் சோடா கொதிக்கும் இரும்புக் கொப்பரைகளில் தவறி விழுந்து இறந்தவர்கள் உண்டு. தெறித்த துளியால் கண் போனவர்களும் உண்டு.

ஆபத்தான தொழில்களுக்குத் தனி விதிகள் வகுக்க 1891ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் இடமளித்தது. அதன்படி ரசாயன ஆலைகளில் கொப்பரைகளைச் சுற்றித் தடுப்பு, கண் கழுவ நீர், மூச்சுக் கவசம் ஆகியவை கட்டாயமாயின. பத்திரிகையாளர் ராபர்ட் ஷெரார்ட் 1897இல் வெளியிட்ட நூல் இத்தொழிலாளர்களின் நிலையைப் பொதுமக்கள் முன் வைத்தது.

சோடா தயாரிக்கப் புதிய சால்வே முறையும், குளோரினுக்கும் காஸ்டிக் சோடாவுக்கும் மின்னாற்பகுப்பும் வந்ததும், 1920 வாக்கில் பிரிட்டனில் லெப்லாங்க் முறை மறைந்தது. ஆனால் காஸ்டிக் சோடாவின் குணம் மாறவில்லை. கரைக்கும்போது அது கடும் வெப்பத்தை வெளிவிடும்; ஆகவே தண்ணீரில்தான் காஸ்டிக் சோடாவைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும், அதன் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. பாதுகாப்புக் கண்ணாடியும் ரப்பர் கையுறையும் அணிவது அவசியம். கண்ணிலோ தோலிலோ பட்டால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவி, உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.